பாடசாலைக் கழகம் பதவியேற்பு விழாவோடு படுத்துவிடாமல் நடத்துவது எப்படி

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் கழகங்களுக்குக் குறைவில்லை. தமிழ் மன்றம், இந்து மன்றம், விஞ்ஞான மன்றம், வணிக மன்றம், உயர்தர மாணவர் ஒன்றியம், லயன்ஸ் கழகத்தின் இளையோர் பிரிவான லியோ, றோட்டரிக் கழகத்தின் இளையோர் பிரிவான இன்ரறக்ற் என்று அறிவித்தற் பலகை நிறையப் பெயர்கள் இருக்கும். தை, மாசியில் பதவியேற்பு விழா நடக்கும். பனர் கட்டி, சின்னம் சூட்டி, படம் எடுத்து முகநூலிலும் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் கழகத்தின் பெயர் காதில் விழுவது அடுத்த வருடப் பதவியேற்புக்குத்தான்.

பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று பழியைத் தூக்கி அவர்கள் தலையில் போடுவது சுலபம். ஆனால் படுத்துப்போன கழகங்களின் கொப்பிகளைப் புரட்டினால் வேறு காரணம் தெரியும். எந்த வேலையை யார், எந்த நாளைக்குள் செய்வது என்று ஒரு கூட்டத்திலும் முடிவெடுத்திருக்க மாட்டார்கள். முடிவெடுத்திருந்தாலும் அதை எழுதியிருக்க மாட்டார்கள். எழுதியவரும் உயர்தரப் பரீட்சைக்குப் போனதோடு கொப்பியும் அவர் வீட்டு அலுமாரிக்குப் போயிருக்கும். ஆகவே இங்கே கூட்டம், கொப்பி, காசு, கையளிப்பு ஆகியவற்றைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப்படுகிறது. தரம் 12 மாணவரையும் பொறுப்பாசிரியர்களையும் மனதில் வைத்து எழுதியது இது.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது

லியோவும் இன்ரறக்ற்றும் அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் பிறந்தவை. பென்சில்வேனியாவின் அபிங்டன் உயர்நிலைப் பாடசாலையில் பேஸ்போல் பயிற்றுநராக இருந்த ஜிம் கிரேவர் உள்ளூர் லயன்ஸ் கழக உறுப்பினரும்கூட. அவர் 1957-இல் தன் அணிப் பிள்ளைகளை வைத்துத் தொடங்கியதுதான் முதல் லியோ கழகம். லியோவின் அரக்கும் பொன்னும் அந்தப் பாடசாலையின் நிறங்கள். புளோரிடாவின் மெல்பேண் உயர்நிலைப் பாடசாலையில் 1962 நவம்பர் 5ஆம் திகதி 23 மாணவரோடு முதல் இன்ரறக்ற் கழகம் உருவானது. அமெரிக்கத் தொடர்பு நமக்குப் புதிதல்ல. 1816-இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினறியையும் 1824-இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கிவிட்டார்கள்.

ஐம்பதுகளின் அமெரிக்கப் பாடசாலைக் கழகம் என்றால் எழுத்தில் ஒரு யாப்பு (கழகத்தின் அடிப்படை விதிகள்), தெரிவுசெய்த நிர்வாகம், பின்னால் நிற்கும் ஒரு பெரியவர், ஒழுங்குவிதிப்படி நடக்கும் கூட்டம் ஆகியவை இருக்கும். சின்னத்தையும் பனரையும் நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். கூட்ட ஒழுங்கைத்தான் வழியில் தவறவிட்டோம்.

தமிழ் மன்றம் போன்ற பாடசாலைக்குள்ளான மன்றத்துக்கு அதிபரின் அனுமதியும் ஒரு பொறுப்பாசிரியரும் போதும். இன்ரறக்ற் தொடங்க ஒரு றோட்டரிக் கழகமும், லியோ தொடங்க ஒரு லயன்ஸ் கழகமும் பொறுப்பேற்கவேண்டும். இன்ரறக்ற்றில் 12 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் சேரலாம். வருடத்தில் குறைந்தது இரண்டு செயற்றிட்டங்கள் செய்யவேண்டும். ஒன்று பாடசாலைக்கோ ஊருக்கோ உதவுவது, மற்றது பிறநாட்டவரை அறிந்துகொள்ளும் முயற்சி. தாய்க் கழகம் விழாவுக்கு மட்டும் வந்துபோகும் என்றால், தொடங்குவதற்கு முன்பே அவர்களிடம் கேளுங்கள்: தவணைக்கு ஒரு கூட்டத்துக்காவது யார் வருவார்? பெயர் சொல்லத் தயங்கினால் வேறு கழகத்தைப் பாருங்கள்.

தொடங்கும் முன்

மழை பெய்யும் புதன்கிழமையிலும் பாடசாலை விட்டபின் நாற்பது நிமிடம் நிற்கக்கூடிய பதினைந்து பேர் இருக்கிறார்களா? இருந்தால் தொடங்கலாம். வட்ஸ்அப் குழுவில் நூறு பேர் சேர்ந்திருப்பது இதற்குச் சான்றாகாது.

நேரம்தான் பெரிய சிக்கல். பாடசாலை 1.30க்கு விடும், 2.30க்கு ரியூசன் தொடங்கும், தீவகத்துப் பிள்ளைக்கோ 2 மணி பஸ்ஸைப் பிடித்தாகவேண்டும். அமெரிக்கப் பாடசாலைகளுக்கும் இதே தலையிடி இருந்தது. பாடசாலை பஸ்ஸில் வரும் பிள்ளைகள் பின்னேரம் நிற்க முடியாததால், அவர்கள் நேரசூசிக்குள்ளேயே கழகங்களுக்கென்று ஒரு பாடவேளையை ஒதுக்கினார்கள். உங்கள் பாடசாலையில் இணைப்பாடவிதானத்துக்கென்று பாடவேளை இருந்தால், மாதத்தில் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மாதத்தின் முதற் புதன், மூன்றாம் புதன் என்று நிரந்தரமாக நாளைக் குறித்துவிடுங்கள். "அடுத்த கூட்டம் பின்னர் அறிவிக்கப்படும்" என்று முடிந்த கூட்டத்துக்கு அடுத்த கூட்டம் வருவது அரிது.

யாப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. கழகத்தின் பெயர், நோக்கம், யார் சேரலாம், பதவிகள், தெரிவு நடக்கும் மாதம், கோரம், சந்தா, காசெடுக்க யார் யார் கையெழுத்திடவேண்டும், யாப்பைத் திருத்துவது எப்படி, இவ்வளவும் போதும். கோரம் என்பது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்கவேண்டிய ஆகக் குறைந்த எண்ணிக்கை. பாதிப் பேர் என்று எழுதினால் ரியூசன் காலத்தில் ஒரு கூட்டமும் கூடாது. மூன்றிலொரு பங்கு என்று வையுங்கள்.

யார் சேரலாம் என்ற வரியில் கவனம் தேவை. தங்களுக்குப் பிடித்தவர்களை மட்டும் தெரிந்தெடுத்துக்கொண்ட இரகசியக் கழகங்கள் அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் பெருகியபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பல மாநிலங்கள் அவற்றைச் சட்டம் போட்டுத் தடுத்தன. நம்மிடம் இரகசியமாக ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் கணித, உயிரியல் பிரிவு மாணவத் தலைவர்களே எல்லாக் கழகத்திலும் தலைவர், செயலாளர் என்றிருந்தால் கலைப்பிரிவுப் பிள்ளை வாசலோடு திரும்பிவிடும். விளைவு ஒன்றுதான்.

இதற்கு அமெரிக்கப் பாடசாலைகள் கண்ட வழி புள்ளி முறை. ஒவ்வொரு பதவிக்கும் சுமைக்கேற்ற புள்ளி உண்டு. ஒரு மாணவர் குறித்த அளவுக்கு மேல் புள்ளி சுமக்க முடியாது. இங்கே இப்படித் தொடங்கிப் பார்க்கலாம்: தலைவர், செயலாளர் பதவிகளுக்கு 5, பொருளாளருக்கு 4, இதழாசிரியருக்கு 3, நிர்வாக உறுப்பினருக்கு 1, மாணவத் தலைவராக இருந்தால் அதற்கு 3, உச்ச எல்லை 8. மாணவத் தலைவர் ஒருவர் ஒரு கழகத்துக்குத் தலைமை தாங்கலாம். இரண்டாவது கழகத்துக்குத் தலைமை தாங்க முடியாது. பிரதி அதிபரின் மேசையில் ஒரே பட்டியல் இருந்தால்தான் இது நடக்கும். கழகங்களே தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் நடக்காது.

பதவிகளும் தெரிவும்

தெரிவு இரகசிய வாக்கெடுப்பாக இருக்கவேண்டும். கையுயர்த்தச் சொன்னால் தோழமைக்குத்தான் வாக்கு விழும். போட்டியிடுபவர் இரண்டு நிமிடம் பேசட்டும். பேசும்போது, வருடத்தில் செய்யப்போகும் ஒரு வேலையையாவது திகதியோடு சொல்லவேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். வாக்குகளை எண்ணுபவர்கள் போட்டியிடாத இருவர். கூடவே பொறுப்பாசிரியர் நிற்பார். வாக்கு சமமானால் இன்னொரு சுற்று, அதுவும் சமமானால் திருவுளச்சீட்டு.

தலைவரைவிடச் செயலாளரைத் தெரியும்போதுதான் கூடுதலாக யோசிக்கவேண்டும். நன்றாகப் பேசுபவரைத் தலைவராக்கிவிட்டு, அவருடைய நண்பரைச் செயலாளராக்குவது வழக்கமாகிவிட்டது. செயலாளருக்கு வேண்டியது வடிவான எழுத்தல்ல. கூட்டம் முடிந்த அன்றிரவே அறிக்கையை எழுதிவைக்கும் பழக்கம் வேண்டும். இரண்டு நாள் கழிந்தால் யார் எதற்குப் பொறுப்பேற்றார் என்பது மறந்துபோகும்.

நம் கழகங்களில் இல்லாத ஒரு பதவியையும் சேர்த்துக்கொள்ளலாம். 1928-இல் கன்சாஸ் சிற்றியில் அமெரிக்காவின் எதிர்கால விவசாயிகள் என்ற பெயரில் தொடங்கிய மாணவர் அமைப்பில், கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் இடமும் ஓர் அடையாளமும் உண்டு. செயலாளருக்குச் சோளக்கதிர், உப தலைவருக்குக் கலப்பை, பொறுப்பாசிரியருக்கு ஆந்தை. கதவருகே நிற்பவர் காவலர். வருபவரை வரவேற்பது, கதிரை போடுவது, அறையில் வெளிச்சமும் காற்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவருடைய பொறுப்பு. நம் கழகங்களில் அறைத் திறப்பு யாரிடம் என்று தேடியே பத்து நிமிடம் போய்விடும். தரம் 10 பிள்ளை ஒருவரை இதற்கு விட்டால் வேலையும் நடக்கும், அந்தப் பிள்ளையும் கூட்டம் எப்படிப் போகிறது என்று பழகிக்கொள்ளும்.

நாற்பது நிமிடக் கூட்டம்

நிகழ்ச்சி நிரல் இரண்டு நாளுக்கு முன்பே அறிவித்தற் பலகையில் இருக்கவேண்டும். நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: சென்ற கூட்ட அறிக்கை 5 நிமிடம், கணக்கு 3, முடியாமல் கிடக்கும் வேலைகள் 7, புதிய விடயங்கள் 15, கடைசி 10 நிமிடம் ஏதாவது நிகழ்ச்சி. ஒருவரின் பேச்சு, சின்ன வினாடி வினா, ஒரு பரிசோதனை, எதுவானாலும் சரி. அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் பலர் வருவார்கள். அதை வெட்டிவிட்டு நிர்வாகம் மட்டும் பேசினால், அடுத்த முறை நிர்வாகம் மட்டும்தான் வரும்.

பிரேரணை ஒன்று எப்படி நகரவேண்டும் என்பதற்கு அமெரிக்கக் கழகங்கள் பின்பற்றும் விதிகளை 1876-இல் ஹென்றி மார்ட்டின் ரொபேட் என்ற இராணுவப் பொறியியலாளர் தொகுத்தார். பள்ளிக்கூடத்துக்கு அதில் ஆறு படிகள் போதும். ஒருவர் பிரேரணையைச் சொல்வார். இன்னொருவர் வழிமொழிவார். தலைவர் அதைத் திரும்ப உரத்துச் சொல்வார். விவாதம் நடக்கும். வாக்கெடுப்பு நடக்கும். தலைவர் முடிவை அறிவிப்பார்.

இதில் மூன்றாம் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். தலைவர் திரும்பச் சொல்லாவிட்டால், பத்துப்பேர் பத்து வெவ்வேறு விடயங்களைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

ஓர் உதாரணம். "இந்த மாரியில் 500 பனை விதை நடவேண்டும்" என்று ஒருவர் முன்மொழிகிறார், வழிமொழியப்படுகிறது. தலைவர் வசனத்தை அப்படியே திரும்பச் சொல்கிறார். விவாதத்தில் ஒரு மாணவி எழும்பி, "பத்தடிக்கு ஒன்று என்று ஒற்றை வரிசையில் வைத்தால் 500 விதைக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் வரம்பு வேணும். எங்களுக்குக் கிடைச்சிருக்கிறது அறுநூறு மீற்றர்தான். 500ஐ 200 என்று திருத்தவேணும் சேர்" என்கிறார். இது திருத்தம், இதையும் ஒருவர் வழிமொழியவேண்டும். முதலில் திருத்தத்துக்குத்தான் வாக்கெடுப்பு. அது வென்றால், திருத்திய பிரேரணைக்கு, அதாவது 200 விதைக்கு, மறுபடி வாக்கெடுப்பு. இரண்டாவதை மறந்துவிட்டு, திருத்தம் வென்றதோடு எல்லாம் முடிந்தது என்று எழும்பிப்போவது அடிக்கடி நடக்கும் பிழை. வாக்கு சமமாக விழுந்தால் பிரேரணை தோற்றதாகவே கொள்ளவேண்டும்.

தலைவரின் மேசையில் சுத்தியல் இருந்தால் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மேலே சொன்ன விவசாய மாணவர் அமைப்பில் இரண்டு தட்டு என்றால் கூட்டம் ஆரம்பம், மூன்று தட்டு என்றால் எல்லோரும் எழும்பவேண்டும், ஒரு தட்டு என்றால் அமரலாம், அல்லது எடுத்த விடயம் முடிந்தது. சுத்தியல் வாங்கக் காசு செலவழிக்கவேண்டாம். கரும்பலகை அழிக்கும் கட்டையின் மரப்பக்கம் போதும்.

அறிக்கையில் எழுதவேண்டியது என்ன செய்யப்பட்டது என்பதை. யார் என்ன பேசினார் என்பதை அல்ல. "பின்னர் இதுபற்றி நீண்ட நேரம் கலந்துரையாடப்பட்டது" என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. மேற்படி உதாரணத்தை இப்படி எழுதலாம்:

"இல. 4. 200 பனை விதைகளை ஐப்பசி இரண்டாம் கிழமையில் நடுவதெனத் திருத்தத்துடன் தீர்மானிக்கப்பட்டது. ஆதரவு 17, எதிர்ப்பு 4. பொறுப்பு: உப தலைவர். விதை சேர்த்து முடிக்கும் நாள்: செப்டெம்பர் 30."

பொறுப்பும் நாளும் இல்லாத தீர்மானத்தைச் செயலாளர் எழுத மறுக்கவேண்டும். அந்த இடத்திலேயே எழும்பி, "யார் பொறுப்பு, எந்த நாள்?" என்று கேட்கலாம். வட்ஸ்அப்பில் எடுத்த முடிவுகளையும் அடுத்த கூட்டத்தில் வாசித்து, ஏற்று, கொப்பியில் ஏற்றினால்தான் முடிவு.

கொப்பிக்குக் கட்டிய சீ.ஆர். கொப்பிதான் நல்லது. பக்கங்களுக்கு இலக்கமிடுங்கள். தனித்தாளில் எழுதிப் பைலில் கோத்தால் ஆறு மாதத்தில் தாள் குறையும். பொறுப்பாசிரியர் ஒவ்வொரு கூட்ட அறிக்கையின் கீழும் திகதியோடு ஒப்பமிடட்டும்.

காசு

அதிபரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு ரூபாவும் சேர்க்கக்கூடாது. சந்தாவானாலும், பழைய மாணவர் அனுப்பும் அன்பளிப்பானாலும், வெளிநாட்டில் இருந்து மாமா அனுப்பியதானாலும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டுக் கொடுங்கள். சேர்த்த காசு அடுத்த பாடசாலை நாளுக்குள் பொறுப்பாசிரியரிடம் போகவேண்டும். மாணவர் வீட்டில் காசு தங்கக்கூடாது. களவுக்குப் பயந்து சொல்வதல்ல இது. "நாளைக்குப் போட்டுவிடலாம்" என்று எடுத்த இருநூறு ரூபாதான் பிறகு நட்பையே கெடுக்கும்.

பொருளாளர் விடும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: வரவையும் செலவையும் கழித்து மிச்சத்தை மட்டும் எழுதுவது. சேர்ந்த தொகை முழுவதையும் வரவில் எழுதுங்கள், செலவு ஒவ்வொன்றையும் சிட்டையோடு செலவில் எழுதுங்கள். சிட்டை தராத சந்தை வியாபாரியிடம் வாங்கினால் பொருள், தொகை, திகதி எழுதி, வாங்கியவரும் இன்னொருவரும் கையெழுத்திடவேண்டும்.

நிதி சேர்க்க இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று தேசிக்காய்த் தண்ணீர் விற்பது எல்லாருக்கும் தோன்றும் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் கணக்குப் போட்டுச் செய்தவர்கள் குறைவு. 200 மில்லிலீற்றர் கிளாஸ் நூறுக்கு 20 லீற்றர் வேண்டும். அதற்குச் சாறு நிறைந்த தேசிக்காய் 60, சீனி 2 கிலோ, உப்பு ஒரு மேசைக்கரண்டி. சீனியை 2 லீற்றர் வெந்நீரில் முதல்நாளே கரைத்து ஆறவைத்துக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் அரைவாசி அடியில் கிடக்கும். முதல் ஐம்பது பேருக்குப் புளி, கடைசி ஐம்பது பேருக்குப் பாகு. தேசிக்காயைக் கடைசிச் சொட்டு வரை நசுக்கினால் தோலின் கைப்பு இறங்கும். சாற்றைக் காலையில் பிழியுங்கள், முதல்நாள் பிழிந்தால் அதுவும் கைக்கும். தண்ணீர் கொதித்தாறியதாக இருக்கவேண்டும். மீன் பெட்டிக்குப் போடும் ஐஸைப் பானத்துக்குள் போடவேகூடாது; பாத்திரத்தைச் சுற்றி அடுக்கிக் குளிரவைக்கலாம். சிந்துவது, தோழருக்கு இனாம், ரீச்சர்மாருக்கு மரியாதை எல்லாம் போக, நூறு கிளாஸுக்கு எண்பதுக்குத்தான் காசு வரும். விலையைச் செலவு வகுத்தல் நூறு என்று போடாமல் வகுத்தல் எண்பது என்று போட்டு, அதன்மேல் இலாபத்தை வையுங்கள்.

வருடத்தைப் பார்த்து வேலையை வையுங்கள்

முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் துடுப்பாட்டமும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மார்ச்சில் யாழ் மத்திய கல்லூரிக்கும் பரி யோவான் கல்லூரிக்கும் வடக்கின் பெருஞ்சமர் நடக்கும் நாட்களில் ஊருக்கே வேறு நினைப்பில்லை. அந்தத் தவணையில் உறுப்பினர் சேர்ப்பது, தெரிவு நடத்துவது, ஒரு சின்ன வேலையை முடிப்பது போதும். பெரிய வேலைக்கு இரண்டாம் தவணை. தமிழ்த் தினப் போட்டிகளுக்குத் தமிழ் மன்றம் மாணவரைத் தயார்ப்படுத்துவதும் இந்தக் காலத்தில்தான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளிலும் வெளியார் வரும் நிகழ்ச்சி எதையும் வைக்காதீர்கள். விருந்தினரும் வரமாட்டார், மேளகாரரும் கிடைக்கமாட்டார்கள். மூன்றாம் தவணை வாணி விழா, மழை, பரீட்சை.

பனை விதை நடுகை இந்த வருட ஓட்டத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தில் விதை எடுக்கலாம், ஐப்பசி மழையோடு நடலாம், பிறகு தண்ணீர் ஊற்ற ஆள் தேவையில்லை. கெட்டுப்போவது வேறு இடங்களில். மின்கம்பிக்குக் கீழே வரிசை பிடித்தால் பத்து, இருபது வருடத்தில் வெட்டுவார்கள். வீதியோரம் என்றால் பிரதேச சபையிடமும், குளக்கட்டு என்றால் கமநல சேவை நிலையத்திடமும் எழுத்தில் அனுமதி எடுக்கவேண்டும். நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்த காணியில் பிள்ளைகளைக் கிண்ட விடவேண்டாம், வெடிபொருள் அகற்றிய இடம் என்று உறுதியாகத் தெரிந்த நிலம் மட்டும்தான். பனை முதலில் கீழ்நோக்கித்தான் முளைவிடும். பல மாதத்துக்கு நிலத்துக்கு மேலே எதுவும் தெரியாது. இதை அறியாமல், "ஒன்றும் முளைக்கவில்லை" என்று அறிக்கை எழுதிய கழகங்கள் உண்டு. கிழங்குக்காக யாராவது கிண்டிப்போவதும் இந்தக் காலத்தில்தான். ஒவ்வொரு விதைக்கும் அருகே பூவரசந்தடி ஒன்றை நட்டு, வரிசைப் படமொன்றைக் கொப்பியில் கீறிவைத்தால், அடுத்த வருட நிர்வாகம் போய் எண்ணிப்பார்க்கலாம்.

சுவர்ப்பத்திரிகைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. நாலு பிறிஸ்டல் போட், தலைப்பு எழுத்து ஒன்றரை அங்குலம், கட்டுரை ஒன்றுக்கு 150 சொல், மாதம் ஒன்று. கணினியில் அடித்து ஒட்டுவதைவிடக் கையால் எழுதியதையே பிள்ளைகள் நின்று வாசிப்பார்கள்.

விழா வைத்தே ஆகவேண்டும் என்றால்

பிரதம விருந்தினருக்கு அதிபர் ஊடாக மூன்று கிழமைக்கு முன் கடிதம் போகவேண்டும். பெரியவர்களை அழைக்கத் தயங்கவேண்டாம். காந்தியை 1927-இல் யாழ்ப்பாணத்துக்கு அழைத்த இளைஞர் காங்கிரஸ், 1924-இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் தொடங்கியதுதான். ஆனால் அழைத்தவரை இரண்டு மணிநேரம் கதிரையில் இருத்திவைக்கக்கூடாது.

ஒரு மணிநேரத்துக்குள் முடிக்கலாம்: விளக்கேற்றல் 5 நிமிடம், இறைவணக்கமும் கல்லூரிக் கீதமும் 5, வரவேற்புரை 3, சென்ற வருட அறிக்கை 5, சின்னம் சூட்டல் 10, புதிய தலைவர் 5, அதிபர் 5, பிரதம விருந்தினர் 15, நன்றியுரை 3. வரவேற்புரையில் சொன்ன பெயர்ப்பட்டியலை எல்லாரும் திரும்பச் சொல்லத் தொடங்கினால் இருபது நிமிடம் கூடும். முதற் பேச்சாளர் மட்டும் சொல்வது, மற்றவர்கள் "சபைக்கு வணக்கம்" என்று தொடங்குவது என முன்பே பேசிவையுங்கள்.

குத்துவிளக்குக்குத் திரி முதல்நாளே எண்ணெயில் ஊறவேண்டும். திரி நுனியில் சிறுதுண்டு கற்பூரம் வைத்தால் உடனே பற்றும். மின்விசிறியை நிறுத்துவது காவலரின் வேலை. நிறுத்தாவிட்டால் விருந்தினர் நெருப்புக்குச்சியோடு போராடும் படம்தான் முகநூலில் வரும்.

கையளிப்பு

தரம் 13 மாணவர் பரீட்சைக்கு ஒதுங்க ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்த நிர்வாகத்தைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டு மாதம் பழையவரும் புதியவரும் சேர்ந்து நடத்தட்டும்: முதல் மாதம் பழையவர் நடத்தப் புதியவர் பார்ப்பது, இரண்டாம் மாதம் புதியவர் நடத்தப் பழையவர் பக்கத்தில் இருப்பது. சின்னம் சூட்டும் விழா எப்போது வந்தாலும் பரவாயில்லை.

கையளிக்கும் நாளில் மேசையில் இருக்கவேண்டியவை: அறிக்கைக் கொப்பி, கணக்குக் கொப்பியும் சிட்டைப் பைலும், பாவிக்காத பற்றுச்சீட்டுப் புத்தகம், உறுப்பினர் பட்டியல், யாப்பு, பொருட் பட்டியல், அலுமாரித் திறப்பு. கையிருப்பை இருவரும் சேர்ந்து எண்ணிக் கணக்கின் கீழ் ஒப்பமிடவேண்டும். முகநூல் பக்கமும் மின்னஞ்சலும் கழகத்தின் பெயரில் இருக்கவேண்டும். போன வருடச் செயலாளரின் சொந்தக் கணக்கில் இருந்தால், அவர் கனடாவுக்கோ கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கோ போன பிறகு எடுக்க முடியாது. கடவுச்சொல்லை அன்றே மாற்றி, ஒரு பிரதியை உறையில் ஒட்டி அதிபர் அலுவலகத்தில் கொடுங்கள். முடியாமல் கிடக்கும் வேலைகளைப் பழைய செயலாளர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும். புதிய நிர்வாகத்தின் முதற் கூட்டத்தில் "முடியாமல் கிடக்கும் வேலைகள்" என்ற தலைப்பின் கீழ் அந்தத் தாளைத்தான் முதலில் எடுக்கவேண்டும்.